குற்றவாளியைத் தேடாத விசாரணை

2021 மே 6ஆம் தேதி இரவு, கொரோனா நோயாளிகளுக்கான ரெம்டெசிவிர் மருந்துப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு குவாலியரில் தரையிறங்க முனைந்த மத்தியப் பிரதேச அரசின் சிறு விமானமொன்று, ஓடுபாதையில் எழுப்பப்பட்டிருந்த தடுப்பில் மோதிச் சிதைந்தது. போர் விமானங்கள் ஓடுபாதையைக் கடந்து ஓடிவிடாமல் பிடித்து நிறுத்துவதற்கென்று விமானப்படைத் தளங்களில் வைக்கப்படும் தடுப்பு அது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை, மூவர் காயமுற்றனர். விமானியின் உரிமம் ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரியில் மாநில அரசு அவருக்கு நோட்டீஸ் அனுப்பி, 85 கோடி ரூபாய் நஷ்டத்தை அவர் தலையிலேயே சுமத்திற்று. தடுப்பு எழுப்பப்பட்டிருந்த செய்தியைக் கட்டுப்பாட்டு கோபுரம் தமக்குச் சொல்லவில்லை என்று முறையிட்ட அவர், காப்பீடில்லாத விமானத்தைப் பறக்க அனுமதித்தவர் யார் என்றும் வினவினார்.

அவ்வினாக்களில் நியாயம் எத்தனை பங்கு என்பது ஒருபுறமிருக்க, அவற்றை எழுப்ப வேண்டிய இடம் தண்டனை மன்றமன்று என்பதே என் அபிப்பிராயம். 1944இல் சிகாகோவில் உருவான சர்வதேச விமான உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு, விபத்து விசாரணையின் ஏக நோக்கம் அதே விபத்து மறுபடி நேராமல் தடுப்பதே என்றும், பழி சுமத்துவது அதன் வேலையன்று என்றும் விதித்திருக்கிறது. 2012இல் நம் நாட்டில் விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம் தோன்றியதும் இத்தத்துவத்தின் மீதுதான்.

இம்முறையின் பிரதான குணம், உண்மை பேசுபவனுக்கு அது தரும் அபயம். விமானம் தரையிறங்கும் அந்தச் சில நிமிஷங்களில் விமானி, கட்டுப்பாட்டாளர், ஓடுபாதையைப் பரிசோதித்த சிப்பந்தி, இயந்திரத்தைப் பழுதுபார்த்தவர் ஆகிய பலருடைய கைகளும் ஒரே காரியத்தில் கூடுகின்றன. அவர்களில் ஒருவர் சிறைக்கு அஞ்சி வாயடைத்தாலும் காரணச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்துபோகிறது. முப்பது நாளில் முதற்கட்ட அறிக்கை, கூடுமானவரை ஓராண்டுக்குள் இறுதி அறிக்கை என்ற காலவரம்பும் சாமானியமான நன்மையன்று. 2025 ஜூன் 12இல் நேர்ந்த அகமதாபாத் பெருவிபத்தின் முதற்கட்ட அறிக்கை ஒரு மாதத்தில் பொதுஜனங்களின் கைக்கு வந்தது.

தோஷங்களும் உண்டு. பணியகமும் அது குறை காணவேண்டிய விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் ஒரே அமைச்சகத்தின் நிழலில் இருப்பதால், சொந்த வீட்டை விமர்சிக்கும் சங்கடம் அதற்கு நீங்குவதில்லை. அதன் பரிந்துரைகள் பரிந்துரைகளே. அவற்றை நிறைவேற்றுவிக்கும் அதிகாரம் அதன் கையில் இல்லை. பயிற்சி விமானங்கள் பலவற்றில் கருப்புப் பெட்டியே கிடையாதாகையால், காரணம் தேடுபவர்கள் எளிதில் விமானியின் பிழையிலே வந்து நின்றுவிடும் அபாயமும் இருக்கிறது. எல்லாவற்றினும் பெரிய தோஷம் குவாலியரில் கண்டதுதான்: ஒரு கை காரணத்தைத் தேடுகையில் மறு கை தண்டத்தை விதிக்குமானால், அடுத்த விமானி மௌனத்தையே கற்றுக்கொள்வான்.

விமானம் இறங்காத வடசென்னைக்கு இதனால் ஆவதென்ன என்று இராயபுரத்து வாசகர் கேட்கலாம். 2017 ஜனவரி 28 விடியுமுன், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பலும், வெளியே சென்றுகொண்டிருந்த பிடபிள்யூ மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும் மோதின. எண்ணெய்க் கசிவே இல்லை என்று முதலில் அறிவிக்கப்பட்டது. எர்ணாவூர்க் கரையிலோ, மீனவரும் மாணவரும் கடலோரக் காவல்படையினரும் பாறை இடுக்குகளில் தார்போல் திரண்ட கரிய எண்ணெயை நாட்கணக்கில் வாளிகளில் அள்ளிக் கைமாற்றினர். கப்பல் விபத்துக்கும் 2010 முதல் இதே தத்துவத்தில் அமைந்த சர்வதேச விதி அமலில் இருந்தும், உரிமம் வழங்கும் கப்பல் இயக்குநரகமே விசாரணைக்கும் உரியதாயிருந்தது. 2023 டிசம்பரில் கொசஸ்தலையாற்றில் எண்ணெய் படர்ந்தபோதும், அம்மாதக் கடைசியில் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஜனங்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடியபோதும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பசுமைத் தீர்ப்பாயமும் விசாரித்தன, குழுக்களும் அமைந்தன. அபராதமும் நஷ்டஈடும் அவசியமானவையே. ஆயினும், தொழிற்சாலை விபத்தின் காரணத்தை மட்டுமே ஆராய்ந்து, குறித்த காலத்தில் அறிக்கையை வெளியிடக் கடமைப்பட்ட நிரந்தர அமைப்பொன்று இப்பிரதேசத்துக்கு இல்லை.

குற்றம் புரிந்தவன் தப்பிவிடுவானே என்ற அச்சம் நியாயமானது; அதற்கு நீதிமன்றம் தனியே இருக்கிறது. இரண்டையும் கலக்காதிருப்பதே விமானத்துறை நமக்குக் கற்பிக்கும் பாடம். ஆகையால் அரசுக்கு நாம் விடுக்கும் விண்ணப்பம் இது: உரிமம் தருபவரையும் தண்டிப்பவரையும் சாராத புலனாய்வு அமைப்பொன்றை எண்ணூர்–திருவொற்றியூர்ப் பிரதேசத்துக்கு ஏற்படுத்துங்கள், அதன் அறிக்கைகளைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு குப்பத்துக்கும் அனுப்புங்கள், பரிந்துரைகளில் எவை நிறைவேறின, எவை நிறைவேறவில்லை என்பதை ஆண்டுதோறும் சட்டசபையில் வையுங்கள்.