கயிறும் கொடியும்

சிக்கனமாகக் கல்யாணம் முடிக்க நினைப்பவர்கள் முதலில் பத்திரிகையிலும் பந்தியிலும்தான் கைவைக்கிறார்கள். ஆனால் செலவை ஏற்றுவது பவுன். அது சடங்குக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதில்தான் காரைக்காலும் யாழ்ப்பாணமும் பிரிகின்றன. காரைக்கால் பக்கத்து இந்துக் கல்யாணங்களில் கழுத்தில் ஏறுவது பெரும்பாலும் மஞ்சள் பூசிய நூல்கயிறு. அதில் கோக்க இரண்டு கிராமில் ஒரு தாலி போதும். மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட்டுவிட்டால் கல்யாணம் முடிந்தது. சங்கிலி பிறகு, கையில் காசு சேரும்போது. யாழ்ப்பாணத்தில் அந்தப் ‘பிறகு’ கிடையாது. பொன்னுருக்கித் தாலி செய்து, தங்கக் கொடியில் கோத்துத்தான் மாப்பிள்ளை வீட்டார் மணவறைக்குக் கொண்டுவருவார்கள். கொடியை ஒற்றைப்படைப் பவுனில் செய்வது வழக்கம். 11 பவுன் என்றால் 88 கிராம். தங்கம் விலை ஏறினால் முகூர்த்தம் தள்ளிப்போகவும் கூடும்.

கொடி பெண்ணின் சேமிப்பு, இடம்பெயர்ந்த காலத்தில் அடகு வைக்கக் கைகொடுத்தது என்பார்கள். உண்மைதான். ஆனால் சேமிப்புக்கு முகூர்த்த நேரம் எதற்கு? கல்யாணம் முடிந்து ஐந்து வருஷத்தில் சேர்த்தாலும் தங்கம் தங்கம்தான். இன்னொரு மறுப்பு கனமானது: காரைக்காலில் மட்டும் என்ன வாழ்கிறது? கயிற்றில் மிச்சம் பிடித்ததைப் பெண்ணுக்குப் போடும் நகையும் சீர்வரிசையும் மண்டப வாடகையும் விழுங்கிவிடுகின்றனவே. 1961இன் வரதட்சணைத் தடைச் சட்டம் ஏட்டில்தானே இருக்கிறது? மறுக்க முடியாது. காரைக்காலின் பழைய கதையே அதைச் சொல்கிறது. ஆனியில் மாங்கனித் திருவிழாவின் தொடக்கத்தில் நடப்பதே காரைக்கால் அம்மையாரின் திருக்கல்யாணம். பெரியபுராணத்தின்படி அவர் தந்தை தனதத்தன் மகளை மாப்பிள்ளையின் ஊரான நாகப்பட்டினத்துக்கு அனுப்பாமல் பக்கத்திலேயே வீடும் பெருஞ்செல்வமும் கொடுத்து வைத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துச் சீதன வீட்டை அப்படியே நினைவூட்டும் ஏற்பாடு. ஆக, பெண் வீட்டின் சுமையில் இரு கரைக்கும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் இதுதான்: நகையைக் குறைத்தால் ஊர் நாலு வார்த்தை பேசும், கல்யாணம் நிற்காது. கொடி இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில் மணவறையே காத்திருக்கும்.

கயிறு அழகில் குறைந்ததா? யாழ்ப்பாணத்தார் கல்யாணப் பட்டைக் ‘கூறை’ என்கிறார்கள். மயிலாடுதுறையின் கூறைநாட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் அது. காரைக்காலுக்குப் பக்கத்து ஊர். அங்கே பேர்போன சேலை பட்டும் பருத்தியும் கலந்து நெய்தது, முழுப்பட்டு அல்ல. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை. கயிறும் அப்படித்தான். காவிரி டெல்டாவில் ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் பாருங்கள்: கனத்த சங்கிலி போட்டவர்களும் அதற்கு மேலே புது மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிக்கொள்கிறார்கள்.