வரைபடத்தில் எதை அழிக்கலாம்?

தன்னார்வலர்கள் வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உள்ள அமெரிக்கச் சாலைகளில் பெரும்பகுதி, யாரும் நேரில் போய்ப் பார்த்து வரைந்தவை அல்ல. அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் 'டைகர்' தரவை 2007, 2008 ஆண்டுகளில் தன்னார்வலர்கள் மொத்தமாக ஏற்றினார்கள். கணக்கெடுப்புக்காகத் திரட்டிய தரவு வண்டி ஓட்டுபவருக்கு வழிகாட்டப் போதுமானதாக இல்லை. பல கோடுகள் உண்மையான சாலையை விட்டு விலகிக் கிடந்தன. பண்ணைக்குள் போகும் மண்பாதை, காட்டுத் தடம், எப்போதோ மறைந்த வழி எல்லாம் 'குடியிருப்புச் சாலை' என்ற ஒரே பெயரில் வந்து சேர்ந்தன. கூடவே இறக்குமதி எண், மூலம், 'இன்னும் சரிபார்க்கவில்லை' என்று குறிச்சொற்கள் வேறு. இவற்றைத் துப்புரவாக்கும் வேலை இன்றும் முடிந்தபாடில்லை.

இதில் குறிச்சொற்களைக் கழிக்கும் முறை பாராட்டத்தக்கது. 'ஜோசம்' என்ற திருத்த மென்பொருள், பயனற்ற இறக்குமதி எண்களைத் தேடிப்போய் நீக்குவதில்லை. வேறு காரணத்துக்காக யாராவது அந்தச் சாலையைத் திருத்திச் சேமிக்கும்போது ஓசையில்லாமல் கழித்துவிடுகிறது. லட்சக்கணக்கான கோடுகளில் ஒரே நாளில் நிரல் ஓட்டிக் கழித்தால் ஒவ்வொன்றுக்கும் புதிய தேதி விழும். பத்தாண்டுப் பழைய பிழையும் நேற்றுச் சரிபார்த்ததுபோலத் தோன்றும். தூசியைவிட மோசமான பொய் அது. ஆனால் 'சரிபார்க்கவில்லை' என்ற குறியின் கதி மோசம். சாலையைச் சரிசெய்தவர் அதை எடுக்க மறக்கிறார். சாலையைப் பார்க்காதவர் அதை எடுத்துவிடுகிறார். இரண்டு பக்கமும் அதை நம்ப முடியவில்லை.

பொருள்களையே அழிப்பதுதான் சிக்கலான இடம். இடித்த கட்டடத்தை ஒருவர் நீக்குகிறார். செயற்கைக்கோள் படமோ பழையது. கட்டடம் அதில் நிற்கிறது. வேறொருவர் வீட்டிலிருந்தபடியே அதை மறுபடி வரைகிறார். நீக்கிய பதிப்பு வரலாற்றில் பத்திரமாக இருந்தாலும், திருத்துபவரின் திரையில் தெரிவதில்லை. அதனால்தான் சிலர் 'இடிக்கப்பட்டது' என்ற முன்னொட்டோடு வடிவத்தை அப்படியே விட்டுவைக்கிறார்கள். குப்பையாகத் தெரியும் அந்தக் கோடு காவல் வேலை பார்க்கிறது. புதிய படம் வந்ததும் அதையும் எடுத்துவிடலாம். ஆனால் எடுப்பவர்தான் குறைவு.

தடயமே இல்லாமல் போன பழைய ரயில் பாதைகளுக்கு இந்தச் சலுகையை நான் தரமாட்டேன். ஆர்வலர்கள் கோபப்படுவார்கள். தண்டவாளம், கரை, பாலம் எதுவும் மிஞ்சாமல் மேலே வீடுகள் எழும்பிவிட்டால், அவற்றின் இடம் பழைய காலத்தை வரையும் ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப்.

காரணம் பரவாத அழிப்பு எவ்வளவு பலவீனமானது என்பதற்குப் பவளக் கடலின் சாண்டி தீவு சான்று. அப்படியொரு தீவே கிடையாது. பிரெஞ்சு நீர்வரைவியல் துறை 1970-களிலேயே தன் வரைபடங்களிலிருந்து அதை எடுத்துவிட்டது. ஆனால் பழைய வரைபடங்களிலிருந்து கணினிக்கு மாற்றிய கடற்கரைத் தரவில் அது தங்கி, கூகுள் வரைபடம்வரை வந்தது. 2012-இல் 'சதர்ன் சர்வேயர்' என்ற ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் அந்த இடத்துக்கே போய்ப் பார்த்தபோது ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழமான கடல்தான் இருந்தது.

வரைபடம் திருத்துபவர்களிடம் கேட்பது இவ்வளவே: நீக்கும்போது எதைப் பார்த்து, எப்போது பார்த்து நீக்கினீர்கள் என்று மாற்றக் குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள். நேரில் பார்க்கவில்லையா? நீக்காதீர்கள், அந்த இடத்தில் ஒரு கேள்விக் குறிப்பைப் போட்டு, அவ்வூர்க்காரருக்கு விட்டுவிடுங்கள்.