ஒரு வேர், இரு பொருள்: மலாய் 'ஹல்வா'வும் தமிழ் 'அல்வா'வும்

மலாய்ச் சொல்லொன்றைத் தமிழாக்கும்போது, ஒலியால் ஒத்த தமிழ் வழக்கையே அதற்கு இணையாக வைத்துவிடும் போக்கு நம்மிடையே உண்டு. 'ஹல்வா' என்பதை 'அல்வா' எனப் பெயர்ப்பது இதற்குத் தக்க சான்று. இப்பெயர்ப்புப் பொருந்துமா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இரு சொற்களும் இனிப்பைக் குறிக்கும் அரபு வேரினின்று பிறந்தவை. ஆயினும், சென்ற இடங்களில் அவை ஏற்ற பொருள் வேறு. தமிழில் அல்வா என்பது கோதுமைப் பால் முதலியவற்றை நெய்யும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறி எடுக்கும் பண்டம். திருநெல்வேலி அதற்குப் பெயர்பெற்றது. மலாயிலோ, பப்பாளி, சாதிக்காய் போன்றவற்றைச் சர்க்கரைப் பாகிலிட்டுப் பதப்படுத்தியதே பெரும்பாலும் ஹல்வா எனப்படும். மாவும் நெய்யும் சேர்ந்த பண்டத்தை, ஓமான் தலைநகரின் பெயரோடு 'ஹல்வா மஸ்கட்' என வேறுபடுத்துவர். எனவே, ஜொகூரின் யோங் பெங்கில் பயிலும் தமிழ் மாணவர் ஒருவர், மலாய் நண்பரின் பெருநாள் விருந்தில் உண்ட பப்பாளி ஹல்வாவை அல்வா என எழுதினால், இலக்கணப் பிழை நேராது, பொருட்பிழை நேரும்.

மரபுத்தொடரில் இடைவெளி மேலும் விரிகிறது. மலாயில் 'ஹல்வா தெலிங்கா' என்பது செவிக்கு இனிய இசையைக் குறிக்கும். தமிழ்ப் பேச்சு வழக்கிலோ 'அல்வா கொடுத்தல்' ஏமாற்றுதலாகும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பாராட்டு ஏளனமாகிவிடும்.

அவ்வாறாயின் தமிழில் உரிய சொல் யாது? 'மொறப்பா' ஒன்று. பேணி வளர்க்கப்பட்டது எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழிவந்த இது, இன்று இஞ்சியோடு ஒட்டிச் சுருங்கிவிட்டது. மற்றொன்று 'தேனூறல்'. சித்த மருத்துவம் கூறும் 32 அக மருந்து வகைகளுள் ஒன்றான இது, இஞ்சி, நெல்லி, கடுக்காய் முதலியவற்றைத் தேனிலோ சர்க்கரைப் பாகிலோ ஊறவைப்பதாகும். 'ஊறல்' என்னும் சொல் செய்முறையையே சுட்டுகிறது. அடர்ந்த பாகு காயின் நீரை வெளியே இழுத்துத் தான் உட்புகுகிறது; நுண்ணுயிர்கள் வளர வேண்டிய நீர் கிட்டாமையால் பண்டம் கெடுவதில்லை.

தேனூறல் மருத்துவக் கலைச்சொல்லாயிற்றே எனத் தடை எழுப்பலாம். மருந்துக்கும் உணவுக்கும் பொதுவான 'இலேகியம்' தீபாவளிப் பலகாரத்தோடு பரிமாறப்படுவதை நோக்க, அத்தடை வலுவற்றதாகும். 'ஹல்வா தெலிங்கா'வைச் 'செவித்தேன்' எனவும் பெயர்க்கலாம்.

சொல்லின் பிறப்பை அறிதல் ஆய்வின் தொடக்கமே. பொருளை முடிவு செய்வது வழக்கு. இருமொழிச் சூழலில் கற்பிக்கும் நம் ஆசிரியர்கள், ஒலியொற்றுமையைக் கண்டவிடத்துப் பொருளொற்றுமையை ஐயுறப் பழக்குதல் வேண்டும்.