சின்னப்பொண்ணுவின் குரலும் நாத்து நடுற மூச்சும்

சின்னப்பொண்ணுவின் குரலைக் கேட்காத தமிழர் குறைவு. 2008-ல் வந்த 'காதலில் விழுந்தேன்' படத்தின் 'நாக்க முக்க' ஒன்று போதும். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, காலேஜ் ஆண்டுவிழா என்று அந்தப் பாட்டு போகாத இடம் இல்லை. ஆனால் குரலைக் கேட்பது வேறு, பாடகியைக் கேட்பது வேறு. பாடகியை நான் கேட்க ஆரம்பித்தது ரொம்பத் தாமதமாக, ஒரு ஐப்பசி மாசம், தீபாவளிப் பலகாரம் சுடும்போது. அதுக்கப்புறம் அவருடைய பாட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டு எழுதிவைத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு. எனக்கு முறையான இசைப் பயிற்சி கிடையாது. நாள் முழுக்கக் கோடு எழுதுகிறவனின் காதில் விழுந்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

சொல்ல வருவது ஒன்றுதான். நாட்டுப்புறப் பாட்டு நமக்கு இரண்டு வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. புத்தகத்தில் சொல் இருக்கிறது, குரல் இல்லை. சினிமாவில் குரல் இருக்கிறது, சொல் இல்லை. சின்னப்பொண்ணு மாதிரி ஒரு பாடகியை எடை போட வேண்டும் என்றால் இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன தொலைந்தது என்று பார்க்க வேண்டும்.

அதிரசமும் ஆட்டோபிளேயும்

தஞ்சாவூர்ப் பக்கம் தீபாவளி என்றால் அதிரசம் இல்லாமல் ஆகாது. பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணி விரித்து உலர்த்தி, ஈரம் முழுசாகப் போகிறதுக்குள் அரைக்க வேண்டும். அப்புறம் வெல்லப் பாகு. ஒரு சொட்டைத் தண்ணியில் விட்டால் கரையாமல் கையில் உருட்ட வர வேண்டும். பாகு முந்தினால் எண்ணெயில் பிரிஞ்சிடும், பிந்தினால் கல்லு மாதிரி ஆயிடும். மாவைக் கிளறி மூடிவைத்தால் மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் சுடலாம். அவசரம் என்ற சொல்லே அந்தச் சமையலில் இல்லை.

அம்மா வாழையிலையில் தட்டிப் போட, நான் சுட்டதை எடுத்து இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயை அழுத்திக்கொண்டிருந்தேன். ஃபோனில் யூடியூப் தன்போக்கில் பாடிக்கொண்டிருந்தது. 'நாக்க முக்க' முடிந்து, அதே பாடகியின் 'வெத்தல' வந்தது. 2011-ல் எம்டிவி கோக் ஸ்டுடியோவின் முதல் சீசனில் லெஸ்லி லூயிஸ் இசையமைப்பில், கைலாஷ் கேர், அஸ்ஸாமின் பாபோன் ஆகியோருடன் சின்னப்பொண்ணு பாடியது. அழுத்திக்கொண்டிருந்த கரண்டி நின்றுவிட்டது. இத்தனை வருஷம் குத்துப் பாட்டுக் குரல் என்று மட்டும் நினைத்திருந்த ஒன்று, இழுத்து, நின்று, இடம் எடுத்துக்கொண்டு பாடுது.

அம்மாவிடம் கேட்டேன், எப்படிம்மா இருக்கு?

"நல்லா கணீர்னு இருக்கு தம்பி. ஆனா இதுக்கு நாத்து நட முடியாது. குனிஞ்சி நிக்கிறவளுக்கு மூச்சு வேணுமில்ல?"

சின்ன வயசில் எங்கள் ஊரில் நடவு நட்ட கை அது. 'இதுக்கு நாத்து நட முடியாது' என்பதை ஒரு இசை விமர்சன அளவுகோலாக அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மூச்சு என்ற அளவுகோல்

நடவு வயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெண்கள் வரிசையாகக் குனிந்து, இடது கையில் நாத்துமுடியைப் பிடித்து, வலது கையால் நாலைந்து நாத்தைப் பிரித்துச் சேற்றில் ஊன்றிக்கொண்டே பின்னால் நகர்வார்கள். வயிறு மடங்கியிருக்கும், நெஞ்சு அழுந்தியிருக்கும். அந்த நிலையில் ஒருத்தரால் தொடர்ந்து பாட முடியாது. அதனால்தான் ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். கூட்டம் வாங்கிப் பாடும் நேரம்தான் எடுத்துக் கொடுக்கிறவள் மூச்சு வாங்கும் நேரம். அடுத்த வரியை யோசிக்கும் நேரமும் அதுதான். இடையில் வரும் குலவை அலங்காரம் மாதிரித் தெரியும். ஆனால் அது எல்லோரும் ஒரே சமயத்தில் நெஞ்சைக் காலி செய்துகொள்ளும் இடமும்கூட.

ஆக, நடவுப் பாட்டின் வடிவம் ரசனையில் இருந்து மட்டும் வந்தது இல்லை, உடம்பில் இருந்து வந்தது. வரியின் நீளம், திரும்பத் திரும்ப வரும் சொல், கடைசி எழுத்தை இழுப்பது எல்லாமே வேலையின் அளவுக்கு வெட்டித் தைத்த சட்டை.

இந்த அளவுகோலை வைத்து 'நாக்க முக்க'வைக் கேட்டுப் பாருங்க. விஜய் ஆண்டனியின் தாளம் ஒரு விநாடிகூட மூச்சு விடுவதில்லை. சின்னப்பொண்ணுவின் குரல் அதில் இன்னொரு பறை மாதிரித்தான் வேலை செய்கிறது. சொல்லுக்குப் பொருள் தேட வேண்டியதில்லை, தட்டு விழ வேண்டிய இடத்தில் விழுந்தால் சரி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆட்டத்துக்கான பாட்டு ஆட்டத்துக்குத்தான் உண்மையாக இருக்க வேண்டும், அது இருக்கிறது. நகுல் பாடிய ஆண் வடிவத்தையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும். சின்னப்பொண்ணு தாளத்தைத் துரத்திப் போவதில்லை, தாளத்தைத் தள்ளுகிறார். இதே பாட்டை வைத்து எடுத்த டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் சென்னை விளம்பரப் படம் 2009 கான் விளம்பர விழாவில் தங்கம் வாங்கியது. மெட்டு உலகம் சுற்றிவிட்டது, பாடகியின் பேர் கூடவே போனதா என்றால் இல்லை.

'வெத்தல'யில் நிலைமை கொஞ்சம் மேல். மைக் இல்லாத காலத்தில் நாலு வயல் தாண்டிக் கேட்க வேண்டிய தொண்டை என்றால் என்ன என்பது இங்கே புரிகிறது. குரல் மூக்குக்கும் போகாமல் நெஞ்சுக்குள்ளும் அமுங்காமல் நேராக வெளியே வருது. கர்நாடக சங்கீதத்தில் பழகிய காதுக்கு இதில் கமகம் குறைவாகத் தெரியலாம். இந்தக் குரலின் அழகு வளைவில் இல்லை, எறிதலில் இருக்கிறது. ஆனால் கிதார், டிரம்ஸ், கீபோர்டு எல்லாம் சேர்ந்ததும் ஏற்பாடு மேற்கத்திய பாட்டின் கட்டத்துக்குள் போய்விடுகிறது. சின்னப்பொண்ணு எங்கே நிறுத்தலாம் என்பதை அவர் முடிவு செய்வதில்லை, பேண்ட் முடிவு செய்கிறது. இரண்டு பதிவிலும் கேட்பவர்களுக்குக் கிடைப்பது 'எனர்ஜி'. இந்தச் சொல்லைத்தான் கமெண்டுகளிலும் பேட்டிகளிலும் அதிகம் பார்க்கலாம். கதை சொல்லத் தெரிந்த ஒரு பாடகிக்கு அது சின்னப் பாராட்டு.

மூன்றாவது இடம்

சிவகங்கைச் சீமையில் இருந்து வந்த சின்னப்பொண்ணுவை மேடைக்குக் கொண்டுவந்ததில் முனைவர் கே.ஏ. குணசேகரனுக்குப் பெரிய பங்கு உண்டு. அவரும் அதே மாவட்டத்துக்காரர். 'வடு' என்ற தன்வரலாறு எழுதியவர், பேராசிரியர், பாடகர். இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா'வைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோன குரல் அவருடையது. 2016-ல் காலமானார். அந்த மேடை மரபில் நாட்டுப்புறப் பாட்டு பொழுதுபோக்கு மட்டும் இல்லை. யார் பாடுகிறார், எந்தத் தெருவில் இருந்து வருகிறார், யாரைப் பார்த்துப் பாடுகிறார் என்பதும் பாட்டின் பகுதி. புத்தகத்தின் சொல்லும் சினிமாவின் குரலும் ஒன்றாக இருந்த மூன்றாவது இடம் அதுதான். சின்னப்பொண்ணு அங்கே பழகியவர் என்று தெரிந்தபிறகு 'நாக்க முக்க'விலும் ஒரு அதட்டல் எனக்குக் கேட்கிறது. அது பாட்டு வரியில் இல்லை, தொண்டையில் இருக்கிறது.

நம்ம டெல்டாவின் பாட்டு எங்கே?

இங்கேதான் தஞ்சாவூர்க்காரனாக எனக்கு ஒரு உறுத்தல். சங்கீத மும்மூர்த்திகள் பிறந்தது திருவாரூர். தியாகராஜர் வாழ்ந்து மறைந்தது திருவையாறு. இந்தப் பக்கம் ராகத்துக்கும் கீர்த்தனைக்கும் பேர், ஊர், குரு பரம்பரை எல்லாம் உண்டு. ஆனால் அதே ஆற்றுத் தண்ணி பாய்ந்த வயலில் பாடியவர்களின் பேர் எத்தனை நமக்குத் தெரியும்? வேதாரண்யம் பக்கத்துப் புஷ்பவனத்தில் இருந்து வந்த புஷ்பவனம் குப்புசாமியைச் சொல்வோம். அவர் இசையை முறையாகப் படித்தும் மேடை ஏறியவர். அவருக்கு அடுத்து யாரைச் சொல்வது என்று கேட்டால் நான் பேசிய யாருக்கும் சட்டென்று பேர் வரவில்லை.

தொகுப்பு இல்லாமல் இல்லை. பெர்சி மாக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சேர்த்துவைத்த பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, 'மலையருவி' என்ற பேரில் 1958-ல் வெளியிட்டது நம்ம தஞ்சை சரசுவதி மகால்தான். தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறவியலுக்கு ஒரு துறையே இருக்கிறது. இந்த உழைப்பெல்லாம் இல்லையென்றால் சொல்லும் போயிருக்கும். ஆனால் அச்சில் ஏறிய பாட்டில் மூச்சு எங்கே விழுந்தது என்று தெரியாது. எடுத்துக் கொடுத்தவள் எவ்வளவு நேரம் நிறுத்தினாள், கூட்டம் எங்கே முந்திக்கொண்டது என்பதெல்லாம் தாளில் நிற்காது.

ஏன் பேர் இல்லை என்பதற்கு என் வாசிப்பு இது. டெல்டாவில் பெரும்பாலும் பாடியவர்கள் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதன் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். உழைப்புக்கே கணக்குக் கொடுக்காத இடத்தில் பாட்டுக்கு யார் கணக்கு எழுதுவார்கள்? எங்கள் ஊரில் எடுத்துக் கொடுத்துப் பாடிய அம்மாவின் பேர் என்ன என்று விசாரித்தேன். எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: "பாட்டுக்காரின்னுதான் கூப்பிடுவோம்." அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு.

இன்னொரு டெல்டாவைப் பாருங்க. 1941-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டாவில், பருத்திப் பண்ணையில் வேலை பார்த்த ஒரு கறுப்பின இளைஞரை ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் அவர் இருந்த இடத்துக்கே போய்ப் பதிவு செய்தார்கள். பேர், ஊர், தேதி எல்லாம் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து அவர் சிகாகோ போனார். மடி வாட்டர்ஸ் என்று உலகம் கொண்டாடும் பாடகர் அவர்தான். அங்கேயும் நிலமும் இனமும் கொடுமையாகத்தான் இருந்தன. ஆனாலும் அந்த ஒரு பதிவில் சொல்லும் குரலும் பேரும் சேர்ந்தே இருக்கின்றன. மென்பொருள் பாஷையில் சொன்னால், ஃபைலும் இருக்கு, மெட்டாடேட்டாவும் இருக்கு. நம்மிடம் 'பாரம்பரியப் பாடல்' என்று போட்டு முடித்துவிடுகிறோம். அந்தக் கட்டத்தில் இருக்க வேண்டியது ஒரு மனுஷியின் பேர்.

என்ன செய்யலாம்

ஐப்பசியில் தஞ்சாவூரில் இருந்து திருவாரூர் வரை ஒருமுறை பஸ்ஸில் போய்ப் பாருங்க. ஒரு பக்கம் குறுவை அறுப்பு முடிந்திருக்கும். அந்தக் காசில்தான் பல வீட்டில் தீபாவளித் துணியும் பலகாரமும். இன்னொரு பக்கம் தாளடி நடவு ஓடிக்கொண்டிருக்கும். நடுவது பல இடத்தில் இயந்திரம். சில இடத்தில் வங்காளத்தில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்த ஆட்கள். நிறைய பேர் நேரடி விதைப்புக்கே போய்விட்டார்கள். ஆள் கிடைக்காத, கூலி கட்டுப்படியாகாத விவசாயியை இதுக்காகக் குறை சொல்ல முடியாது. முதுகு ஒடியக் குனிந்து நடுவது தொடர வேண்டும், அப்போதுதான் நமக்குப் பாட்டு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அது அநியாயம். வேலை போகட்டும். ஆனால் அந்த வேலையில் பாடிய கடைசித் தலைமுறைக்கு இப்போ எழுபது வயசு. அவர்கள் தொண்டையில் இருப்பது அவர்களோடு போக வேண்டிய அவசியம் இல்லை.

கையில் ஃபோன் இருக்கிறவர்கள் ஒரு மத்தியானம் ஒதுக்கினால் போதும். பாட்டை முழுசாக, வெட்டாமல் எடுங்க. பின்னணி இசை சேர்க்காதீங்க. இருமல், சிரிப்பு, 'மறந்துபோச்சே' என்று நிறுத்துவது எல்லாம் அப்படியே இருக்கட்டும். முடிந்தால் ஒருத்தரைத் தனியாக உட்காரவைக்காமல், வாங்கிப் பாட இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்க. சம்மதம் கேட்டு, அவர் சொல்லும் முழுப்பேர், ஊர், யாரிடம் கேட்டுக் கற்றார், எந்த வேலைக்குப் பாடியது என்பதைப் பாட்டின் தொடக்கத்திலேயே அவர் வாயாலேயே சொல்ல வையுங்க. பேர் குரலோடு ஒட்டியே இருக்கும், யாராலும் கழற்ற முடியாது.

சின்னப்பொண்ணுவிடம் ஒரு ரசிகனாக எனக்கு ஒரு ஆசை உண்டு. பேண்ட் இல்லாமல், கிளிக் டிராக் இல்லாமல், வாங்கிப் பாட நாலு பெண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரப் பதிவு. எங்கே நிறுத்துவது, எங்கே இழுப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும். அந்தத் தொண்டைக்கு என்ன தெரியும் என்பதில் பாதியைத்தான் இதுவரை நமக்குக் கேட்கக் கொடுத்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. அப்படி ஒரு பதிவு வந்தால் காசு கொடுத்து வாங்கிக் கேட்கிற முதல் ஆட்களில் நானும் இருப்பேன்.