யட்சியும் வாம்பயரும்: நிகரன் பற்றிய ஒரு குறிப்பு

நாட்டார் வழக்காற்றுச் சொற்களை மொழிபெயர்ப்போர் பெயரை நோக்குமளவு அதனோடு இயைந்து வரும் வினையை நோக்குவதில்லை. 'யட்சி' என்பதற்கு 'வாம்பயர்' என நிகரன் தரும் வழக்கு இதற்குச் சான்று.

ஐரோப்பிய வாம்பயர் புதைகுழியினின்று எழும் பிணம். 1725இல் செர்பியாவின் கிசிலோவாவில் பீட்டர் பிளகோயெவிச் என்பவரின் உடல் தோண்டியெடுக்கப்பட்டு, நெஞ்சில் முளை அறையப்பெற்று எரிக்கப்பட்டது. பொலிடோரியின் கதையும் (1819) ஸ்டோக்கரின் 'டிராகுலா'வும் (1897) அப்பிணத்தைப் பிரபுவாக்கின. கதிரொளியில் மடிதல் 1922ஆம் ஆண்டின் 'நோஸ்ஃபெராட்டு' திரைப்படம் பரப்பியது, பழைய வழக்கன்று. எவ்வாறாயினும் வாம்பயருக்குரிய வினை 'அழி' என்பதே.

யட்சியோ பனையிலும் பாலையிலும் உறைபவள். வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்பவள். கொட்டாரத்தில் சங்குண்ணியின் 'ஐதிஹ்யமாலை'யில் கடமற்றத்துக் கத்தனார் அவள் தலையில் இரும்பாணி அறைகிறார். இதனை முளையோடு ஒப்பிடத் தோன்றும், ஒப்புமை மேலோட்டமானது. ஆணி கொல்வதில்லை, தளைக்கிறது. அதனை ஒரு கிழவி பிடுங்கிவிட, யட்சி தப்பியோடி இறுதியில் பனயன்னார்காவில் அமர்கிறாள். அவளுக்குரிய வினை 'குடியிருத்து'. கிழக்கேகோட்டையை அடுத்த பத்மநாபசுவாமி கோயிலில், 2011இல் கணக்கெடுப்பின்போது திறக்கப்படாத 'பி' நிலவறையில் காஞ்ஞிரோட்டு யட்சி உறைகிறாள் என்ற நம்பிக்கையும் இவ்வகையினதே. இதனைச் 'சாபம்' என்று பெயர்ப்பின் உறைபவள் மறைந்து அச்சம் மட்டும் எஞ்சுகிறது.

ரிச்சர்டு பர்ட்டன் 1870இல் வேதாளத்தை வாம்பயர் ஆக்கினார். பிணத்துள் புகும் ஆவி என்ற அளவில் அது பாதி பொருந்தும். ஆனால் வேதாளத்தின் தொழில் கதை சொல்லி விடை கேட்பது, குருதி பருகுவதன்று.

2025இல் வெளிவந்த டொமினிக் அருணின் 'லோகா' மலையாளப்படம் கள்ளியங்காட்டு நீலியைப் பெங்களூருவில் வாழும், குருதி வேண்டும் பெண்ணாகக் காட்டுகிறது. இது திரிபு என்று எளிதில் ஒதுக்கலாம். நான் அவ்வாறு கருதவில்லை. உடல் வாம்பயருடையது, கதையோ அவளை அழிக்காமல் காவலளாக்குகிறது. பெயர் மாறியும் வினை நின்றுவிட்டது. பர்ட்டனைவிட இப்படம் நல்ல மொழிபெயர்ப்பு எனத் துணிந்து கூறலாம்.

தமிழுக்கு இங்கு இரவற்சொல்லே தேவையில்லை. சிலப்பதிகாரத்தில் இயக்கி உண்டு. குமரி மாவட்டத்தில் நீலியே இசக்கி. முப்பந்தலில் கோயிலும் உண்டு. சாலைக் கடைத்தெருவின் நாஞ்சில்நாட்டு வணிகரிடம் 'இசக்கி' என்றால், அடுத்து எவ்வினை வரும் என்பதை அவரே சொல்லிவிடுவார்.