வரலாற்றுப் பாடத் திட்டமிடலில் மொழியின் இடம்: உயர்நிலை வகுப்புகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

பள்ளிப் பாடங்களுள் மாணவரைப் பெரிதும் கவர வேண்டியது வரலாறு. மனிதர் செய்தவற்றையும் பட்டவற்றையும் கூறுவது அதுவே. ஆயின் உயர்நிலை வகுப்புகளில் ஆண்டுகளையும் காரணங்களையும் நெட்டுருச் செய்யும் பாடமாக அது நின்றுவிடுகிறது என்பது நெடுநாளைய முறையீடு. இதற்குத் தீர்வாகக் கல்வியியலார் பல வழிகளைக் கூறுவர். படம் காட்டுதல், நடித்துக் காட்டுதல், களப்பயணம், காலக்கோடு வரைதல் முதலியன அவற்றுட் சில. இவை பயனற்றவை அல்ல. எனினும் இவை பாடத்தின் வாக்கியத்தைத் தொடாமலே நின்றுவிடுகின்றன. ஒரு பாடவேளையில் மாணவர் கேட்பனவும் படிப்பனவும் எழுதுவனவும் வாக்கியங்களே. அவ்வாக்கியங்கள் செய்தவரையும் சொன்னவரையும் மறைக்குமாயின், தொடக்கத்தில் காட்டிய படம் தந்த ஆர்வம் பத்து நிமிடத்திற்கு மேல் நிலைப்பதில்லை.

பாடக்குறிப்பின் அமைப்பு

இந்திய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் தலைமுறைகளாகப் பயிற்றப்பட்டு வந்த பாடக்குறிப்பு முறை ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஹெர்பார்ட் (1776-1841) வழிவந்தது. அவர் கருத்துகளை ஸில்லர், ரைன் ஆகியோர் ஆயத்தம், எடுத்துரைத்தல், தொடர்புபடுத்தல், பொதுமையாக்கல், பயன்படுத்தல் எனப் படிகளாக விரித்தனர். தனிச் சான்றுகளிலிருந்து பொதுவிதிக்குச் செல்லும் இவ்வொழுங்கு இலக்கணத்திற்கும் கணக்கிற்கும் நன்கு பொருந்துகிறது. புணர்ச்சி விதியைக் கற்பிக்க இதனினும் தெளிவான வழி அரிது. வரலாற்றிலோ கவர்ச்சி தனி நிகழ்ச்சியில் இருக்கிறது. பொதுமையாக்கல் என்னும் படியை எய்தும்போது, வகுப்பைப் பேசவைத்த மனிதர் அனைவரும் கரும்பலகையிலிருந்து அழிக்கப்பட்டுவிடுகின்றனர். 'வரிச்சுமை', 'அதிருப்தி', 'நாடு பிடிக்கும் கொள்கை' ஆகியவை மட்டும் எஞ்சுகின்றன.

பாடக்குறிப்பின் மொழியே இதற்குச் சான்று பகரும். நோக்கங்கள் என்னும் பகுதியில் 'மாணவர் அறிவர்', 'புரிந்துகொள்வர்', 'பாராட்டுவர்' என வினைமுற்றுகள் மாறிக்கொண்டே செல்லும். அவ்வினைகளுக்குச் செயப்படுபொருளாக நிற்பதோ '1857 புரட்சிக்கான காரணங்கள்' என்னும் ஒரே தொடர். அறிதலுக்கும் பாராட்டுதலுக்கும் உள்ள வேறுபாடு வினைச்சொல்லில் மட்டுமே நிகழ்கிறது; வகுப்பில் நிகழ்வதில்லை. காரணத்தை எவ்வாறு பாராட்டுவது என எந்த மேற்பார்வையாளரும் கேட்பதாகத் தெரியவில்லை.

மறையும் வினைமுதல்

வினையாகக் கூற வேண்டியதைப் பெயராக்கிக் கூறும் போக்கை ஹாலிடே இலக்கண உருவகம் என்பார். ஆங்கில அறிவியல், வரலாற்று நடைகளில் இது மிகுதி. அந்நடையைத் தமிழாக்கும்போது, 'அயோத்தி இணைப்பு பரவலான அதிருப்திக்கு வழிவகுத்தது' போன்ற தொடர்கள் பிறக்கின்றன. இத்தொடரில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் இணைத்தவர் யார், அதிருப்தியுற்றவர் யார் என்னும் இரண்டு வினாக்களுக்கும் இதில் விடையில்லை. 'இணைப்பு' ஒரு மனிதரைப் போல எழுந்து சென்று வழிவகுக்கிறது. பழைய தமிழ் நூல்கள் அவத் நாட்டை 'அயோத்தி' என வழங்கிய மரபும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது; அந்நகரை வேறு காரணங்களால் அறிந்த இன்றைய மாணவர் எதனோடு எது இணைந்தது எனத் திகைப்பது இயல்பு.

இதே செய்தியை வினைகளாகப் பிரித்துப் பார்க்கலாம். 1856 பிப்ரவரியில் கம்பெனி அவத் நாட்டைத் தன் ஆட்சிக்குள் எடுத்துக்கொண்டது. நவாப் வாஜித் அலி ஷாவைப் பதவியிறக்கியது. அவர் கல்கத்தாவுக்குச் சென்று வாழ நேர்ந்தது. அரண்மனையையும் அவர் படையையும் நம்பிப் பிழைத்தவர்கள் வேலையிழந்தனர். அதுவரை அந்நாட்டுக் கிராமங்களுள் 67 விழுக்காட்டைத் தம் கையில் வைத்திருந்த தாலுக்தார்கள், 1856-ஆம் ஆண்டின் வரித்தீர்வைக்குப் பின் 38 விழுக்காட்டோடு நின்றனர். கம்பெனியின் வங்காளப் படையில் இருந்த சிப்பாய்களுள் மிகப் பலர் இந்நாட்டு உழவர் வீட்டுப் பிள்ளைகள். இவ்வாறு கூறும்போது பாடம் நீளுகிறது என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் அடுத்த வினாவை மாணவரிடமிருந்து தானே வருவிக்கிறது. நவாப் சென்றபின் சமையற்காரர் என்ன செய்தார்? சிப்பாய்க்கு ஊரிலிருந்து செய்தி எப்படி வந்தது? திட்டமிடும் ஆசிரியர் ஆயத்தப் படிக்காகத் தேடியலையும் ஆர்வமூட்டல் இங்கே வாக்கியத்திற்குள்ளேயே கிடக்கிறது.

பெயர்த்தொடரை முற்றிலும் விலக்க வேண்டும் என்பது கருத்தன்று. பத்தாம் வகுப்பை முடிக்கும் மாணவர் அந்நடையைப் படிக்கவும் எழுதவும் அறிந்திருத்தல் வேண்டும். வினைகளில் தொடங்கிப் பெயர்களில் முடிப்பதும், பெயர்களை மீண்டும் வினைகளாகப் பிரிக்கப் பழக்குவதும் திட்டத்தில் இடம்பெற வேண்டும் என்பதே ஈண்டு வற்புறுத்தப்படுவது.

வினைமுதலைப் போலவே மறைவது சொன்னவரின் இடம். தமிழுக்கு இதில் ஒரு நற்பேறு உண்டு. பிறர் வாயிலாக அறிந்ததைக் குறிக்க '-ஆம்' என்னும் இடைச்சொல் பேச்சிலும் கதையிலும் இயல்பாக வழங்குகிறது. பாடநூல் நடை இதனைப் பேச்சுவழக்கென ஒதுக்கிவிட்டு, 'கூறப்படுகிறது' என்பதைக் கையாளுகிறது. கூறியவர் எவர் என்பது அதில் புலப்படுவதில்லை. பின்வரும் மூன்று வாக்கியங்களை நோக்குக. 'தோட்டாக்களில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவப்பட்டிருந்தன.' 'தோட்டாக்களில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவப்பட்டிருந்தனவாம்.' 'தோட்டாக்களில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவப்பட்டிருந்தன எனச் சிப்பாய்கள் நம்பினர்.' முதலாவது ஓர் உண்மைக் கூற்று. அதற்குச் சான்று வேண்டும். இரண்டாவது பாசறையில் உலவிய செய்தி. மூன்றாவது வரலாற்றாசிரியரின் வாக்கியம். மீரத்தில் அத்தோட்டாக்களைத் தொட மறுத்த குதிரைப்படையினர் 85 பேர் 1857 மே 9 அன்று விலங்கிடப்பட்டதற்கும், மறுநாள் கிளர்ச்சி வெடித்ததற்கும் விளக்கம் தருவது மூன்றாவது வாக்கியமே; கொழுப்பு உண்மையில் எதனுடையது என்பது அவ்விளக்கத்திற்கு இரண்டாம் நிலையினதே. கோதுமை மாவில் எலும்புத்தூள் கலந்திருப்பதாகப் பரவிய வதந்தியையும் இவ்வாறே மூன்று விதமாக எழுதச் செய்யலாம். ஒரு பாடவேளை முழுவதற்கும் இம்மூன்று வாக்கியங்களே போதும். வண்ணப்படம் எதுவும் வேண்டா.

ஒரு நிகழ்ச்சியின் பெயர்கள்

1857-க்கு வழங்கும் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி எது சரி எனக் கேட்பது பல ஆசிரியர் அறிந்த உத்தி. அதனோடு நிறுத்திவிட்டால் வகுப்பு கை தூக்கி வாக்களிப்பதில் முடியும். சொல்லின் பொருள் வரலாற்றை ஆராயத் தூண்டினால்தான் அது வரலாற்றுப் பாடமாகும்.

ஆங்கிலேயர் வழங்கிய 'மியூட்டினி' என்னும் சொல் படைக்கட்டுப்பாட்டை மீறும் குற்றத்தைக் குறிப்பது. அதனைச் செய்யக்கூடியவர் படையினரோ மாலுமிகளோ மட்டுமே. அதற்கு ஈடாக வந்த 'கலகம்' தமிழில் எந்தச் சச்சரவையும் குறிக்கும். எனவே மொழிபெயர்ப்பில் சட்டப்பொருள் கழன்று, ஒழுங்கின்மை என்னும் இழிபொருள் தங்கிவிட்டது. வேலூரில் 1806 ஜூலை 10 அன்று நிகழ்ந்ததற்கும் 'கலகம்', 'புரட்சி' என்னும் இரு பெயர்களும் தமிழில் வழங்குகின்றன. 1909-இல் சாவர்க்கர் தம் நூலில் சுதந்திரப் போர் என்றார். நூற்றாண்டு நினைவாக 1957-இல் வெளிவந்த நூல்களுள் எஸ்.என். சென் தம் நூலுக்கு ஆண்டையே தலைப்பாக்கினார், ஆர்.சி. மஜும்தாரோ சிப்பாய்க் கலகம் என்பதையும் 1857 கிளர்ச்சி என்பதையும் தலைப்பில் அடுத்தடுத்து வைத்தார். இருவரும் தேர்ந்த வரலாற்றறிஞர்கள். பெயரிடுவதில் இருவரும் தயங்கியதாகவே கொள்ள வேண்டும். அத்தயக்கத்தை வகுப்பில் மறைக்க வேண்டுவதில்லை.

இந்தி, உருது பேசும் மாநிலங்களில் 'கதர்' என்னும் சொல் இன்னும் கூர்மையான பாடம் தரும். அரபு மூலத்தில் அது நம்பிக்கைத் துரோகத்தைக் குறிப்பது. 1857-ஐ ஒடுக்கியவர் நோக்கில் பொருந்திய அச்சொல்லை, 1913-இல் சான் பிரான்சிஸ்கோவில் இந்தியப் புரட்சியாளர் தம் இதழுக்கே பெயராகச் சூட்டிக்கொண்டனர். பகைவர் இட்ட வசைப்பெயரைக் கொடியாக உயர்த்தியது ஏன் என்பது பதினைந்து வயதினர் தயக்கமின்றி விடை கூறும் வினா. வகுப்பறையில் வழங்கும் பட்டப்பெயர்களை அவர்கள் நன்கறிவர்.

மூலச்சான்றும் மொழிபெயர்ப்பும்

தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005-ஐ ஒட்டி, 2006, 2007 ஆண்டுகளில் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு வெளியிட்ட ஒன்பது, பத்தாம் வகுப்பு வரலாற்று நூல்கள் ஒரு பெருமாற்றம். கடிதம், நினைவுக்குறிப்பு, அறிக்கை முதலிய மூலச்சான்றுகளைப் பாடத்தினிடையே கட்டமிட்டுத் தந்து, அவற்றின்மேல் வினா எழுப்பின அந்நூல்கள். சான்றைப் படிப்பது இயல்பாக வந்துவிடும் திறனன்று. 1991-இல் சாம் வைன்பர்க் வெளியிட்ட ஆய்வில், 8 வரலாற்றறிஞரும் 8 உயர்நிலைப்பள்ளி மாணவரும் ஒரே ஆவணங்களைப் படித்தனர். எழுதியவர் யார் என்பதை முதலில் நோக்கிப் பின் உள்ளே சென்றனர் அறிஞர்; மாணவரோ முதல் வரியிலிருந்து இறுதிவரை செய்தியைத் திரட்டுவதிலேயே நின்றனர். ஆதலின் சான்றைத் தருவதோடு அதன் குரலையும் கேட்கச் செய்தல் இன்றியமையாதது.

இவ்விடத்தில்தான் மொழிபெயர்ப்பு தடுமாறுகிறது. மைய நூல்கள் ஆங்கிலம், இந்தி, உருது ஆகியவற்றில் வெளிவந்தன. பிற மொழிகளில் மாநில நூல்கள் அவ்வமைப்பைப் பல அளவில் தழுவின. கேரளம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களில் தமிழ்வழி பயிலும் மாணவருக்கு வரலாற்று நூல் மொழிபெயர்ப்பாகவே வந்து சேர்கிறது. சிப்பாயின் விண்ணப்பம், ஆட்சியரின் அறிக்கை, தலைவரின் கடிதம் ஆகிய மூன்றும் ஒரே பாடநூல் தமிழில் வருமாயின், கட்டத்தின் கோடு ஒன்றே அவற்றை வேறுபடுத்தும்.

காந்தியடிகள் 1930 மார்ச் 2 அன்று வைசிராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தைக் கொள்வோம். உப்புச் சட்டத்தை மீறப்போவதாக அறிவிக்கும் அக்கடிதத்தை ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞர் கொண்டுசென்று சேர்த்தார். கடிதம் வைசிராயை நண்பர் என விளிக்கிறது. அவர் ஆட்சியைச் சாபக்கேடாகவும் கருதுகிறது. ஆங்கிலத்தில் முன்னிலைப் பெயர் ஒன்றே. தமிழிலோ நீர், நீங்கள், தாங்கள் என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். 'தாங்கள்' என்றால் மனுவாகிவிடும். 'நீர்' என்றால் பூசலாகத் தொனிக்கும். 'நீங்கள்' என்பது சமநிலையர் இருவரின் உரையாடலாகும். மொழிபெயர்ப்பாளர் தனியே அமர்ந்து தீர்த்துவிடும் இச்சிக்கலை வகுப்பிற்கு விட்டுவைத்தல் நன்று. ஒரு பத்தியை மூன்று வகையாகவும் படித்துக்காட்டி, பத்து நாள் கழித்து 78 பேருடன் சபர்மதியிலிருந்து நடக்கத் தொடங்கியவர் எதனை எழுதியிருப்பார் எனக் கேட்டால், மாணவர் ஆளுவோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் இடைப்பட்ட உறவை ஆராயத் தொடங்குவர். 'ஏகாதிபத்தியம்' என்னும் சொல்லை அதற்கு முன் எழுதிப்போட வேண்டியதில்லை.

மேற்கூறிய நூல்களின் ஓரங்களில் 'புதிய சொற்கள்' என்னும் சிறுகட்டம் உண்டு. பத்தாம் வகுப்பில் 'பேகார்', அதாவது ஊதியமின்றி வாங்கும் வேலை, அவ்வாறு விளக்கப்படுகிறது. தமிழாக்குவோர் 'கட்டாய உழைப்பு' எனப் பொருளுரைத்து மேற்செல்லக்கூடும். ஆனால் சோழர் கல்வெட்டுகளில் பயிலும் 'வெட்டி' இவ்வகை உழைப்புக் கடமையையே குறித்தது. தெலங்கானாவில் 1946-இல் மூண்ட உழவர் போராட்டம் எதிர்த்தவற்றுள் ஒன்று அங்கு 'வெட்டி சாகிரி' எனப்பட்டது. இன்று 'வெட்டி வேலை' என்றால் பயனற்ற வேலை. அச்சொல்லைக் கட்டத்தில் இட்டால் வகுப்பு முதலில் சிரிக்கும். கூலி தராமல் வாங்கிய வேலைக்குரிய பெயர் எவ்வாறு பயனற்ற வேலைக்குரிய பெயராயிற்று, யாருக்குப் பயனற்றது என்னும் வினாக்களைச் சிரிப்பு அடங்குமுன் கேட்டுவிடலாம்.

இவ்வாறு திட்டமிடும் ஆசிரியருக்கு வினாத்தாள் துணைநிற்பதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். '1857 புரட்சிக்கான காரணங்களை எழுதுக' என்னும் ஐந்து மதிப்பெண் வினா, ஐந்து பெயர்த்தொடர்களையே விடையாக வேண்டுகிறது. வினைமுற்றோடு எழுதிய மாணவருக்குத் தாளில் இடம் போதாது. '1857 மே மாதம் மீரத்திலிருந்து தில்லிக்குச் சென்ற சிப்பாய் ஒருவர் எவற்றை நேரில் கண்டிருப்பார், எவற்றைக் கேள்விப்பட்டிருப்பார்? பிரித்து எழுதுக' என அதே ஐந்து மதிப்பெண்ணுக்கு வினவலாம். விடைக்குறிப்புத் தயாரிப்போருக்கு அது சற்றுக் கடினமாக இருக்கும்.