சுத்தியல் அடி எந்த வளையத்தில் விழுது?

பழைய மாருதி 800-ல முன்சக்கர பேரிங்கை வீட்டிலேயே மாத்துவது எப்படின்னு சொல்லும் தமிழ் வீடியோக்கள் நிறைய இருக்கு. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற கார் அது. எங்க வடக்குத்து பக்கம் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு, அதனால வீடியோவுக்குத் தேவையும் இருக்கு. ஆக்ஸில் நட், பிரேக், பால் ஜாயின்ட், நக்கிள்னு கழற்றும் வரிசையை நல்லாவே காட்டறாங்க. என் விமர்சனம் அதுக்கு அப்புறம் வரும் பகுதியைப் பற்றியது.

புது பேரிங்கை நக்கிளில் வைத்து சுத்தியலால் அடிக்கிறார்கள். அடி எந்த வளையத்தில் விழுதுன்னு கேமரா காட்டுவதே இல்லை. விஷயமே அதுதான். பேரிங்கை நக்கிளுக்குள் இறக்கும்போது அழுத்தம் வெளி வளையத்தில் மட்டும் இருக்கணும். பிறகு ஹப்பை உள்ளே ஏத்தும்போது, அடியில் உள் வளையத்துக்கு முட்டுக் கொடுக்கணும். மாத்திச் செய்தால் மொத்த விசையும் குண்டுகள் வழியாகப் போகும். குண்டு தொடும் இடம் ரொம்பச் சின்னது, அதனால ஓடுபாதையில் குழி விழும். இதற்குப் பெயர் பிரினெல்லிங். எஃகின் கடினத்தை அளக்கும் முறையைத் தந்த ஸ்வீடன்காரர் பிரினெல் பெயரில் வந்தது. பேரிங்கை மாட்டின பிறகு அந்தக் குழி வெளியே தெரியாது. கொஞ்ச நாள் ஓடின பிறகு ‘ஊங்’னு சத்தம் வரும். பழி ‘டூப்ளிகேட் பேரிங்’ மேல விழும்.

கடைசிக் காட்சி இன்னும் மோசம். ஜாக்கியில் தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றி, “பாருங்க, ஸ்மூத்!” என்கிறார்கள். அந்தரத்தில் இருக்கும் சக்கரத்தில் வண்டியின் எடையே இல்லை. மென்பொருளில் இதை சோதனைன்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்க. உண்மையான சோதனை ரோட்டில்தான். இடப்பக்கம் வளையும்போது எடை வலச் சக்கரத்துக்குப் போகும். அப்போ சத்தம் கூடினால் பெரும்பாலும் வல பேரிங்தான். வண்டியைக் கழற்றும் முன்பே செய்ய வேண்டிய இந்தச் சோதனையையும் பல வீடியோக்கள் விட்டுடுது.

“எனக்கு நல்லா ஓடுது” என்பதும் ஆதாரம் இல்லை. பேரிங்கின் கணக்கிட்ட ஆயுள் என்பதே நூற்றில் 90 தாண்டும் அளவுதான். தப்பா அடித்த ஒன்று தப்பிப் பிழைக்கலாம். அதைப் பார்த்துச் செய்யும் அடுத்தவருக்கும் அப்படியே நடக்கும்னு யார் சொன்னது?

நானே செய்யணும் என்பதற்கு சுத்தியலும் நானே அடிக்கணும்னு அர்த்தம் இல்லை. நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயரின் ஒவ்வொரு ரோலரும் பேரிங்கில்தான் சுத்துது. இந்த வட்டாரத்தில் பேரிங் வேலை புதுசில்லை. நக்கிளை நாமே கழற்றி, பிரஸ் உள்ள லேத் பட்டறையில் கொடுத்து ஏத்திக்கிட்டு வரலாம். ஆக்ஸில் நட்டை பைப் போட்டு மிதிக்காம, சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சில் முறுக்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காம, ஸ்டாண்டு வைக்கலாம். மிச்சமாகும் கூலி கொஞ்சம் குறையும். ஆனா சக்கரம் நம்ம குடும்பத்தைத் தாங்கிப் போற சாமான்.